காசில்லாமல் லோயர் கிடைப்பாரா? கோலாலம்பூரிலும் பினாங்கிலும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் வழக்கறிஞர் இல்லை. கோலாலம்பூரில் ஒரு சட்ட அலுவலகத்தில் குமாஸ்தா. லீவு நாளில் எங்காவது இலவசச் சட்ட முகாம் நடந்தால் போய், தமிழுக்கும் மலாய்க்கும் நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்ப்பேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் கேட்கும் கேள்விகளும், இந்தப் பக்கம் இருக்கும் இளம் லோயர்கள் கேட்கும் கேள்விகளும் கலந்துதான் கீழே வருகின்றன. உங்கள் வழக்குக்கு இது ஆலோசனை கிடையாது. யாரிடம் போவது, எப்போது போவது, என்ன எடுத்துப் போவது என்பது தெரிந்தால் போதும் என்றுதான் எழுதுகிறேன்.

புரோ போனோ என்கிறார்கள், சட்ட உதவி என்கிறார்கள். இரண்டும் ஒன்றா?

கட்டணம் வாங்காமல் ஒரு வழக்கறிஞர் தன் தொழிலைச் செய்தால் அது புரோ போனோ. அவராக எடுத்துக்கொள்வது, யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. சட்ட உதவி என்பது ஒரு திட்டம். அதற்கு ஓர் அலுவலகம் இருக்கும், வருமான வரம்பு இருக்கும், பாரம் நிரப்ப வேண்டும், எந்த வகை வழக்குக்கு உதவி உண்டு என்று விதி இருக்கும். நடைமுறையில் இரண்டும் பின்னிக்கொண்டுதான் ஓடுகின்றன, ஏனென்றால் அந்தத் திட்டங்களில் போய் நிற்பவர்களும் பெரும்பாலும் அதே தனியார் அலுவலக லோயர்கள்தான்.

சரி, எந்தக் கதவைத் தட்டுவது?

மூன்று கதவுகள் இருக்கின்றன. ஆட்கள் இவற்றைக் குழப்பிக்கொண்டு தவறான இடத்தில் போய் நின்று, "முடியாது" என்ற பதிலோடு திரும்பி, அப்புறம் எங்குமே போகாமல் விட்டுவிடுகிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலாவது அரசாங்கத்தின் சட்ட உதவி இலாகா, ஜபாத்தான் பந்துவான் குவாமான். 1971 சட்ட உதவிச் சட்டத்தின் கீழ் இயங்குகிறது. விவாகரத்து, பிள்ளைப் பராமரிப்பு, ஜீவனாம்சம், சொத்துப் பிரிப்பு போன்ற குடும்ப வழக்குகளுக்கு முதலில் இங்கேதான் போக வேண்டும். ஷரியா வழக்குகளையும் இவர்கள் பார்க்கிறார்கள்.

இரண்டாவது தேசிய சட்ட உதவி அறவாரியம். ஒய்.பி.ஜி.கே. என்று சுருக்கமாகச் சொன்னால்தான் போலீஸ் நிலையத்தில் புரியும். 2011-இல் அமைத்து, 2012 ஏப்ரலில் வேலையைத் தொடங்கினார்கள். குற்றவியல் வழக்குகள் மட்டும். கைது, ரிமாண்ட், ஜாமீன், தண்டனைக் குறைப்பு வாதம், விசாரணை வரைக்கும் லோயர் வருவார். பணம் அரசாங்கத்தினுடையது, வந்து நிற்பவர் தனியார் வழக்கறிஞர். அவருக்குச் சிறிய தொகை ஒன்று கிடைக்கும், வழக்கமான கட்டணத்தோடு அதை ஒப்பிடவே முடியாது. மரண தண்டனைக் குற்றச்சாட்டு என்றால் இந்த வழி இல்லை, உயர் நீதிமன்றமே அரசு செலவில் ஒருவரை நியமிக்கும்.

மூன்றாவது மலேசிய வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்கள். கோலாலம்பூரில் ஒன்று, பினாங்கில் ஒன்று என்று மாநிலவாரியாக இருக்கின்றன. மேலே சொன்ன இரண்டிலும் இடம் கிடைக்காதவர்கள் இங்கே வரலாம்: வெளிநாட்டுத் தொழிலாளர், அகதி, குடியுரிமைப் பத்திரம் இல்லாதவர். இவற்றை நடத்த தீபகற்பத்தின் ஒவ்வொரு வழக்கறிஞரும் ஆண்டுக்கு 100 ரிங்கிட் தருகிறார். வழக்கறிஞர் மன்றத்தில் 20,000 பேருக்கு மேல் இருக்கிறார்கள், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். லோயர் என்றாலே பணம் பிடுங்குகிறவன் என்று காப்பிக் கடையில் பேசுகிறவர்களுக்கு இந்த 100 ரிங்கிட் விஷயம் தெரிவதே இல்லை.

வருமானம் எவ்வளவுக்குள் இருக்க வேண்டும்?

அறவாரியம் 2012-இல் தொடங்கியபோது வைத்த கணக்கு: ஆண்டு வருமானம் 25,000 ரிங்கிட்டுக்குள் என்றால் இலவசம், 25,000-லிருந்து 36,000 வரை என்றால் 300 ரிங்கிட் பங்களிப்பு. இப்படிப்பட்ட வரம்புகளை அவ்வப்போது மாற்றுவார்கள், மூன்று இடத்துக்கும் மூன்று கணக்கு. அதனால் பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன எண்ணை நம்பி "நமக்குக் கிடைக்காது" என்று முடிவு செய்துவிடாதீர்கள். வாடகை, பிள்ளைகள், வயதான பெற்றோர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போய்க் கேளுங்கள். வேண்டாம் என்று சொல்லும் வேலையை அவர்கள் செய்யட்டும்.

மகனைப் போலீஸ் பிடித்துப் போய்விட்டது. இப்போது ராத்திரி 11 மணி. என்ன செய்வது?

முதலில் எந்தப் போலீஸ் நிலையம், விசாரணை அதிகாரி யார், எந்தச் சட்டப் பிரிவு, இந்த மூன்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். விசாரணை அதிகாரியை ஐ.ஓ. என்று கேட்டால் சொல்வார்கள். மகனின் முழுப் பெயர், ஐசியில் (அடையாள அட்டையில்) இருக்கிறபடி. "குட்டி", "சுரேஷ்" என்று வீட்டில் கூப்பிடுகிற பெயரைச் சொன்னால் லோக்காப்பில் தேட முடியாது.

24 மணி நேரத்துக்குள் அவரை மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்று கூட்டரசு அரசியலமைப்பின் 5-வது பிரிவு சொல்கிறது. லோயரைப் பார்த்துப் பேசும் உரிமையும் அதே பிரிவில்தான் இருக்கிறது. அதற்கு மேல் வைத்திருக்கப் போலீஸ் ரிமாண்ட் கேட்கும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 117-வது பிரிவின்படி, 14 ஆண்டுக்கும் குறைவான சிறைத் தண்டனைக் குற்றம் என்றால் முதல் தடவை அதிகபட்சம் 4 நாள், இரண்டாம் தடவை 3 நாள். 14 ஆண்டும் அதற்கு மேலும், அல்லது மரண தண்டனை என்றால் 7 நாள், பிறகு இன்னொரு 7 நாள்.

இவை உச்ச வரம்புகள். எல்லாருக்கும் இத்தனை நாள் என்று எழுதி வைத்திருப்பதாக நினைக்காதீர்கள். இலவச லோயர் ஒருவர் காலையில் வந்து நிற்பதால் என்ன லாபம் என்று கேட்டால், இங்கேதான். போலீஸ் 4 நாள் கேட்கிறது, லோயர் எழுந்து "இவர் ஏற்கெனவே வாக்குமூலம் கொடுத்துவிட்டார், வீட்டுச் சோதனையும் முடிந்தது, இன்னும் எதற்கு 4 நாள்?" என்று கேட்டால் மாஜிஸ்திரேட் குறைத்துக் கொடுக்க வழி இருக்கிறது. கேட்க ஆள் இல்லாவிட்டால் யாரும் கேட்கப் போவதில்லை. அந்தப் பையனுக்கு அதில் போவது இரண்டு நாள் சம்பளம், சில சமயம் வேலையே.

அதே சட்டத்தில் 28ஏ பிரிவு என்று ஒன்று இருக்கிறது. விசாரிப்பதற்கு முன்பே, உறவினருக்கும் லோயருக்கும் தகவல் சொல்லலாம் என்று கைதானவரிடம் போலீஸ் தெரிவிக்க வேண்டும். சாட்சியம் அழிந்துவிடும், கூட்டாளி தப்பிவிடுவான் போன்ற காரணம் இருந்தால் உயர் அதிகாரி இதை மறுக்கலாம். அதனால் "மறுத்துவிட்டார்கள்" என்று கேள்விப்பட்டால் யார் மறுத்தது, ஏன் என்று கேட்டு அதையும் குறித்து வையுங்கள்.

விடியட்டும் என்று மட்டும் உட்கார்ந்துவிட வேண்டாம். ரிமாண்ட் பெரும்பாலும் காலையிலேயே முடிந்துவிடும்.

இலவசம் என்றால் நிஜமாகவே ஒரு காசுகூடச் செலவில்லையா?

லோயரின் கட்டணம் இல்லை. மற்றவை இருக்கலாம்: நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும் கட்டணம், முத்திரைத் தீர்வை, சத்தியக் கடுதாசிக்குச் சத்தியப் பிரமாண ஆணையருக்குத் தரும் சில்லறை, டாக்டர் அறிக்கை, புகைநகல். சில அலுவலகங்கள் இதையும் தாங்களே போட்டுக்கொள்ளும், சில கேட்கும். முதல் நாளே கேட்டு, கடுதாசியில் எழுதி வாங்குங்கள். சிவில் வழக்கில் இன்னொன்றும் இருக்கிறது. தோற்றால் எதிர்த் தரப்பின் செலவைக் கட்டச் சொல்லி நீதிபதி உத்தரவிடலாம், அந்தத் தொகை உங்கள் தலையில்தான் விழும், உங்கள் லோயர் தலையில் விழாது. வழக்குப் போடலாமா என்று யோசிக்கும்போது இதையும் யாராவது உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை என்றால் கேளுங்கள்.

காசு வாங்காத லோயர் ஏனோதானோ என்றுதானே செய்வார்?

கட்டணம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் கடமை ஒன்றுதான். 1976 சட்டத் தொழில் சட்டம் இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்லை. வழக்கை நடுவில் போட்டுவிட்டுப் போனால் ஒழுங்கு வாரியத்தில் புகார் கொடுக்கலாம், "நான் இலவசமாகத்தான் செய்தேன்" என்பது அங்கே பதில் ஆகாது.

ஆனால் உண்மையையும் சொல்லிவிடுகிறேன். தொலைபேசியில் உடனே பதில் வராது. காசு கொடுக்கிற கட்சிக்காரரின் வேலையும் அதே மேசையில்தான் கிடக்கிறது. வாரத்துக்கு ஒரு முறை, எழுத்தில், ஒரே செய்தியாகக் கேட்டால் பதில் வரும். ஒரு நாளைக்கு ஆறு வாட்ஸ்அப் குரல் பதிவு அனுப்பினால் எந்த லோயரும், காசு வாங்குபவர்கூட, கேட்க மாட்டார். என் அனுபவத்தில் புரோ போனோ வழக்கு கெட்டுப்போவது பெரும்பாலும் லோயரின் அலட்சியத்தால் இல்லை. கட்சிக்காரர் தாமதமாக வந்ததால்தான். சம்மன் கையில் கிடைத்து 14 நாளுக்குள் முன்னிலை தெரிவிக்க வேண்டும், அந்தச் சம்மனை சாமி மேடைக்குப் பின்னால் செருகி வைத்துவிட்டு இரண்டு மாதம் கழித்துக் கொண்டு வருகிறார்கள். அதற்குள் எதிராகத் தீர்ப்பே வந்திருக்கும். அதை உடைப்பதற்கு முதலில் ஒரு வழக்கு, அப்புறம்தான் உண்மையான வழக்கு.

பெரிய அலுவலகம் ஒன்றில் கேட்டேன், முடியாது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டார்கள். ஏழை என்பதாலா?

இருக்கலாம், ஆனால் பெரும்பாலும் காரணம் வேறு. கோலாலம்பூரின் பெரிய அலுவலகங்களுக்கு வங்கிகளும் காப்புறுதி நிறுவனங்களும் வீட்டு மேம்பாட்டாளர்களும்தான் கட்சிக்காரர்கள். உங்கள் வீட்டை ஏலம் போடும் வங்கிக்கே அவர்கள் வேலை பார்த்தால், உங்களுக்காக அந்த வங்கியை எதிர்த்து நிற்கச் சட்டப்படியே முடியாது. காரணத்தை விளக்கினால் கட்சிக்காரரின் ரகசியம் வெளிப்படும் என்பதால் ஒரு வரியோடு நிறுத்திக்கொள்வார்கள். அதனால்தான் தவணைக் கார், வீட்டு ஏலம், ஆ லோங் (சட்டவிரோத வட்டிக்காரர்) தொல்லை மாதிரி விவகாரங்களைச் செந்தூலிலும் பட்டர்வொர்த்திலும் கடைவீட்டு மாடியில் இருக்கும் இரண்டு பேர், மூன்று பேர் அலுவலகங்கள்தான் தூக்கிச் சுமக்கின்றன. பாராட்டுக் கேடயம் யாருக்குப் போகிறது என்பது வேறு கதை.

ஒருவர் ஆஸ்பத்திரிக்கே வந்து, ஜெயித்தால் மட்டும் 30 சதவீதம் கொடுங்கள் என்கிறார். இது புரோ போனோவா?

கிடையாது. ஜெயித்தால் பங்கு என்ற ஏற்பாட்டைச் சட்டத் தொழில் சட்டத்தின் 112-வது பிரிவு தடுக்கிறது. வார்டு வாசலில் ஆள் பிடிப்பதும் விதிமீறல்தான். அவர் தரகர், விபத்து வழக்கைப் பிடித்து ஓர் அலுவலகத்துக்குக் கைமாற்றிவிடுவார், உங்கள் நஷ்ட ஈட்டிலிருந்து எவ்வளவு எங்கே போனது என்று கடைசிவரை தெரியாது. லோயரின் பெயரைக் கேட்டு, வழக்கறிஞர் மன்றத்தின் இணையப் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா, இந்த ஆண்டுக்கான தொழில் சான்றிதழ் இருக்கிறதா என்று பாருங்கள். விபத்து வழக்குக்கு ஆறு ஆண்டு அவகாசம் இருக்கிறது, கால் கட்டோடு படுத்திருக்கும்போதே கையெழுத்துப் போட வேண்டிய அவசரம் யாருக்கும் இல்லை. அரசாங்க வண்டி மோதியிருந்தால் மட்டும் 36 மாதம்தான், கவனம்.

என் பிள்ளைக்கு 16 வயது. நீல ஐசி (குடிமக்களுக்கான அடையாள அட்டை) கிடைக்கவில்லை. இதற்கெல்லாம் லோயர் உதவுவார்களா?

உதவுவார்கள். நம் சமூகத்தில் லோயர்கள் செய்யும் இலவச வேலையில் இதைவிட முக்கியமானது எனக்குத் தெரியவில்லை, அதனால் இந்தப் பதில் நீளும்.

பல வீடுகளில் கதை ஒரே மாதிரி. கோவிலில் தாலி கட்டினார்கள், சொந்தபந்தம் எல்லாம் வந்தது, சாப்பாடு போட்டார்கள், பதிவு மட்டும் செய்யவில்லை. 1976 திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்ததிலிருந்து பதிவு கட்டாயம், பல கோவில்களில் துணைப் பதிவாளரே இருக்கிறார். ஆனாலும் விட்டுவிட்டார்கள். அப்புறம் பிள்ளை பிறக்கிறது. பதிவுத் திருமணம் இல்லையென்றால் சட்டத்தின் கண்ணில் பிள்ளை தாயின் நிலையைப் பின்பற்றும். தாய் குடிமகள் என்றால் பிழைத்தார்கள். தாய் தமிழ்நாட்டிலிருந்தோ இந்தோனேசியாவிலிருந்தோ வந்தவர், அல்லது தோட்டத்தில் பிறந்து அவருக்கே பத்திரம் இல்லை என்றால், அப்பா நீல ஐசிக்காரராக இருந்தும் பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் குடிமகன் அல்ல என்று அச்சாகிவிடும். தாய் தகப்பன் பிறகு போய்த் திருமணத்தைப் பதிந்தாலும் அது தானாகச் சரியாகிவிடாது. பள்ளிக்கூடத்தில் ஆரம்பிக்கும் சிக்கல் பரீட்சை, வேலை, வங்கிக் கணக்கு, லைசென்ஸ் என்று கூடவே வளர்கிறது.

வயது வரம்பு தாண்டாத பிள்ளை என்றால் அரசியலமைப்பின் 15ஏ பிரிவின் கீழ் விண்ணப்பிக்கலாம். 21 ஆக இருந்த அந்த வரம்பை 18 ஆகக் குறைக்கும் திருத்தம் 2024-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது, அதனால் இப்போது எது நடப்பில் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். விண்ணப்பத்தைத் தேசியப் பதிவு இலாகாவில் கொடுக்க வேண்டும், முடிவு உள்துறை அமைச்சினுடையது. ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, காரணம் ஒன்றும் சொல்லாத நிராகரிப்புக் கடிதம் வருவதும் உண்டு. அந்தக் கடிதத்தோடு உடனே வாருங்கள். நீதிமன்றத்தில் சீராய்வு கேட்பதற்கு மூன்று மாத அவகாசம்தான். கடிதம் வந்ததும் அழுதுவிட்டு மறுபடி அதே பாரத்தை நிரப்பிக் கொடுப்பதில் அந்த மூன்று மாதம் போய்விடுகிறது.

கோர்ட் வரைக்கும் போகாமலே பாதி வேலை இருக்கிறது. பிறந்த ஆஸ்பத்திரியின் பதிவேடு, தடுப்பூசிப் புத்தகம், தோட்டத்தின் பழைய சம்பளப் பட்டியல், மருத்துவச்சியின் சத்தியக் கடுதாசி, தாத்தாவின் சிவப்பு ஐசி (நிரந்தரவாசி அட்டை) என்று தேடிச் சேர்ப்பது. பெட்டாலிங் ஜெயாவில் இயங்கும் டி.எச்.ஆர்.ஆர்.ஏ. அமைப்பு இதற்கென்றே ஊர் ஊராக ஆட்களைப் பயிற்றுவித்து வைத்திருக்கிறது. அவர்கள் கோப்பைத் தயார் செய்து தந்தால் லோயருக்கு வேலை பாதியாகக் குறையும். வயது வரம்பு முடிய இரண்டு மாதம் இருக்கும்போது வராதீர்கள். பன்னிரண்டாவது வயதில் முதல் ஐசி எடுக்கப் போகும்போதுதான் பலருக்கே விஷயம் தெரிகிறது, அன்றைக்கே வாருங்கள்.

வீட்டுக்காரர் அடிக்கிறார். லோயர் கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டுமா?

வேண்டாம். 1994 குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ், சமூக நல இலாகா அதிகாரியே ஏழு நாளுக்கு அவசரப் பாதுகாப்பு உத்தரவு தர முடியும். அதற்குப் போலீஸ் புகாரும் வேண்டாம், லோயரும் வேண்டாம். 15999 என்ற தாலியான் காசிஹ் உதவி எண்ணை அழைத்துக் கேட்கலாம். அதற்குப் பிறகு இடைக்காலப் பாதுகாப்பு உத்தரவு, விவாகரத்து, பிள்ளைகள் யாரிடம் என்று வரும்போது லோயர் வேண்டும். பினாங்கில் டபிள்யூ.சி.சி. என்ற மகளிர் மாற்ற மையம், கிள்ளான் பள்ளத்தாக்கில் மகளிர் உதவி அமைப்பு, இரண்டும் உங்களைச் சட்ட உதவிக்கு அனுப்பி வைக்கும். காயத்தைப் படம் எடுத்து, வீட்டுக்காரர் கைப்பேசியைப் பார்க்காத ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். விவாகரத்தான முன்னாள் கணவனுக்கும் இந்தச் சட்டம் பொருந்தும், முஸ்லிம்களுக்கும் பொருந்தும்.

லோயரே தேவைப்படாத வழக்குகள் உண்டா?

நிறைய. ஃபிரிட்ஜ் வாங்கி ஏமாந்தீர்கள், கல்யாண மண்டபக்காரர் முன்பணத்தைத் திருப்பவில்லை என்றால் பயனீட்டாளர் நடுவர் மன்றம்: 50,000 ரிங்கிட் வரை, கட்டணம் 5 ரிங்கிட், அங்கே லோயர் வரவே கூடாது. கைமாத்துக் கடன் 5,000 ரிங்கிட்டுக்குள் என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை, நீங்களே போடலாம். சம்பள பாக்கிக்குத் தொழிலாளர் இலாகா. அநியாயமாக வேலையை விட்டு நீக்கினால் 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவுக்கு எழுத வேண்டும். 61-வது நாளில் எத்தனை பெரிய லோயர் வந்தாலும் கதவு திறக்காது. அப்பா விட்டுப்போன சிறிய நிலத்துக்கு, உயில் இல்லையென்றால், நில அலுவலகமே பிரித்துக் கொடுக்கும். இவற்றுக்கு இலவச லோயரிடம் நீங்கள் கேட்க வேண்டியது அரை மணி நேரம்: பாரம் சரியாக நிரப்பியிருக்கிறதா என்று ஒரு பார்வை. அவ்வளவுதான்.

எனக்கு மலாய் சரளமாக வராது. தமிழில் பேசலாமா? நான் சொல்வதை மொழிபெயர்ப்பவர் வெளியே சொல்லிவிட்டால்?

நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் இருக்கிறார்கள், கேட்டால் கிடைக்கும். லோயர் அலுவலகத்தில் என்னைப் போல ஒருவர் இருப்பார். நீங்கள் லோயரிடம் சொன்னதை வெளியிடக் கூடாது என்று 1950 சாட்சியச் சட்டத்தின் 126-வது பிரிவு லோயரைக் கட்டுகிறது, 127-வது பிரிவு அவருடைய குமாஸ்தாவையும் மொழிபெயர்ப்பாளரையும் சேர்த்தே கட்டுகிறது. ஆனால் நீங்களே கூட்டி வரும் மைத்துனரையோ கோவில் தலைவரையோ அந்தப் பிரிவு கட்டாது. உள்ளே போகும்போது அவர்களை வெளியே உட்காரச் சொல்லுங்கள், முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

நாங்கள் ஒரு லோயர் அலுவலகம். தீபாவளிக்கு ஏழைகளுக்கு அன்பளிப்புக் கூடை கொடுக்கிறோம், தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போடுகிறோம். இதுவும் சமூக சேவைதானே?

சேவைதான், யார் இல்லை என்றார்கள். அரிசியும் எண்ணெயும் யார் கொடுத்தாலும் வயிறு நிறையும். பத்துமலையில் மோர் ஊற்றினால் காவடிக்காரர் வாழ்த்துவார். ஆனால் அதைப் பேங்க்காரரும் செய்கிறார், டயர் கடைக்காரரும் செய்கிறார். கோர்ட் கோப்பில் ஓர் ஏழையின் பெயருக்குப் பக்கத்தில் தன் அலுவலக முத்திரையைக் குத்த லோயரால் மட்டும்தான் முடியும். கூடைக்கும் பதாகைக்கும் புகைப்படத்துக்கும் போகும் ஒரு நாளில், ஆறு ஜாமீன் மனு எழுதிவிடலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. பந்தலே போடுகிறீர்கள் என்றால் ஒரு மூலையில் ஒரு மேசையும் சத்தியப் பிரமாண ஆணையர் ஒருவரும் இருக்கட்டுமே.

2017 நவம்பரில் பினாங்கில் பெரிய வெள்ளம் வந்தது நினைவிருக்கும். அப்படி ஒரு நேரத்தில் சேறு கழுவ ஊரே வரும். ஊறிப்போன நில கிராண்டுக்கும் பிறப்புப் பத்திரத்துக்கும் காப்புறுதிக் கோரிக்கைக்கும் யார் வருவார்கள்? மண்வெட்டியோடு போகிற லோயர்கள் லேப்டாப்பையும் எடுத்துப் போகலாம்.

பினாங்கில் இதற்கு நல்ல மரபு இருக்கிறது. லைட் தெரு நீதிமன்றத்துக்கு அருகில் ஜேம்ஸ் ரிச்சர்ட்சன் லோகனின் நினைவுச் சின்னம் நிற்கிறது. 1869-இல் இறந்த வழக்கறிஞர், ஐரோப்பியர் அல்லாத உள்ளூர் மக்களின் உரிமைக்காகப் பேசியவர். நம் காலத்துக்கு வந்தால், பினாங்கு பயனீட்டாளர் சங்கம். ஈப்போவுக்கு அருகே புக்கிட் மேராவில் ஓர் ஆலையின் கதிரியக்கக் கழிவு விவகாரம் வெடித்தபோது அந்த ஊர் மக்கள் 1985-இல் வழக்குப் போட்டார்கள், சங்கத்தின் மீனாட்சி ராமன் அந்தப் போராட்டத்தில் நின்ற வழக்கறிஞர்களில் ஒருவர். 1987-இல் ஓப்பராசி லாலாங் என்ற கூட்டுக் கைது நடவடிக்கையில் அவரையும் பிடித்து உள்ளே வைத்தார்கள். 1992-இல் ஈப்போ உயர் நீதிமன்றத்தில் மக்கள் ஜெயித்தார்கள், 1993-இல் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளியது. கடைசியில் 1994-இல் ஆலை மூடப்பட்டது. வழக்கில் தோற்றும் காரியம் நடந்தது என்பதால், புரோ போனோ வேலையை வெற்றிக் கணக்கால் மட்டும் அளப்பவர்களிடம் நான் இதைச் சொல்வேன்.

வங்கிகளுக்கு வேலை பார்ப்பதால் எங்களால் வழக்கு எடுக்க முடியாது. வேறென்ன செய்யலாம்?

வழக்கில்லாத வேலை கொட்டிக் கிடக்கிறது. ஒரு தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர் சங்கத்தைச் சங்கப் பதிவிலாகாவில் பதிந்து கொடுங்கள். நன்கொடைக்கு வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவின் கீழ் வரிவிலக்கு வாங்கிக் கொடுங்கள், அந்த ஒரு வேலையால் முதியோர் இல்லம் ஒன்றுக்குப் பல ஆண்டு பணம் வரும். கோவில் நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று தேடிச் சொல்லுங்கள். அதைச் செய்யாததால் வந்த சண்டைகளைப் பற்றி எழுதினால் தனிப் புத்தகம் வேண்டும். சட்ட உதவி மையத்தில் இருக்கும் இளம் லோயர்களுக்கு மனு எழுதப் பயிற்சி கொடுக்கலாம். ஒரே ஒரு நிபந்தனை: அந்த நேரத்தையும் வேலை நேரமாகக் கணக்கில் எழுதிக்கொள்ள இளையவர்களை விடுங்கள். நியூயார்க்கில் வழக்கறிஞராகச் சேரவே 50 மணி நேரம் இலவச வேலை செய்திருக்க வேண்டும். இங்கே வழக்கறிஞர்களுக்கு அப்படிக் கட்டாயம் இல்லை, அதனால் மேலே இருப்பவர் "செய்" என்று சொல்லி, அதற்கு நேரமும் ஒதுக்கினால்தான் நடக்கும்.

சேம்பரிங் மாணவர்கள் வந்து பேசினால் நம்பலாமா?

நம்பலாம். வழக்கறிஞராவதற்கு முன் ஒன்பது மாதப் பயிற்சியில் இருப்பவர்கள், சட்ட உதவிப் பணியும் அந்தப் பயிற்சியில் ஒரு பகுதி. கோலாலம்பூரில் ஜாலான் டூத்தா நீதிமன்ற வளாகத்தில், லோயர் இல்லாமல் கூண்டில் நிற்பவருக்காக ஜாமீனும் தண்டனைக் குறைப்பும் கேட்டு எழுந்து நிற்பவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான். குரல் நடுங்கும், ஆனால் கோப்பை முழுக்கப் படித்துவிட்டு வந்திருப்பார்கள்.

நான் லோயர் இல்லை. தொண்டு செய்ய வரலாமா?

கட்டாயம் வாருங்கள். பாரம் நிரப்ப, வரிசை பார்க்க, தமிழ் தெரியாத லோயருக்குத் தமிழ் சொல்ல ஆள் எப்போதும் போதாது. சட்ட ஆலோசனை மட்டும் சொல்லக் கூடாது, "இந்தக் கேஸ் நிக்காது" என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அந்த அம்மா எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார்.

எங்கள் கோவில் மண்டபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இலவசச் சட்ட முகாம் வைக்கிறோம். என்ன தயார் செய்வது?

பேச்சாளர்களைக் குறையுங்கள். வை.பி. (தொகுதி உறுப்பினர்) வரட்டும், மாலை போடுங்கள், பத்து நிமிடத்தில் முடியுங்கள். பூசை முடிந்து அன்னதானத்துக்கு முன்பு இருக்கும் நேரம்தான் கூட்டம் வரும் நேரம். மேசைகளுக்கு இடையே நல்ல இடைவெளி வேண்டும், கடன் தொல்லையைச் சம்பந்தி காதில் விழும்படி யாரும் சொல்ல மாட்டார்கள். பெண்களுக்குத் தனி மூலை, அங்கே பெண் லோயர். ஐசி, பிறப்புப் பத்திரம், வந்த கடிதம் எல்லாவற்றையும் கவரோடு கொண்டு வரச் சொல்லி ஒரு வாரம் முன்பே அறிவியுங்கள். கவர் முக்கியம், தபால் முத்திரையில் தேதி இருக்கும். ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டுச் சீட்டு: யார் பார்த்தார், எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும், எந்தத் தேதிக்குள். முகாமுக்கு அடுத்த திங்கட்கிழமை அந்தச் சீட்டுகளை வைத்து ஒவ்வொருவருக்கும் போன் செய்ய ஒருவரை இப்போதே பேசி வையுங்கள், இல்லாவிட்டால் பாதிப் பேர் போகமாட்டார்கள். புகைநகல் இயந்திரம் ஒன்று வாடகைக்கு எடுங்கள், இரண்டு கட்டுத் தாள், நீளமான ஒயரும் மறக்க வேண்டாம், மண்டபத்தில் பிளக் எப்போதும் மேடைப் பக்கம்தான் இருக்கும்.